புதுக் கம்ப்யூட்டர் வந்தும் மனம் துள்ளவில்லை, உங்களுக்கும் அப்படித்தானா?

பகுதி: வடசென்னை வாசிகள் › கணினி, மின்சாதனம்

#1 காலடிப்பேட்டையார்

போன மாதம் மடிக்கணினி ஒன்று வாங்கினேன். 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, நல்ல திரை. விலையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூரியர் பையன் கொடுத்துவிட்டுப் போனதும் பெட்டியைப் பீரோவுக்கு மேலே வைத்தேன். அந்த வாரம் முழுக்க அது அங்கேயே கிடந்தது. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மின்கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பிரித்தேன். கடவுச்சொல், வைஃபை, முடிந்தது. பழையதில் இருந்த அத்தனையும் இதில் வந்து உட்கார்ந்துகொண்டன. புதிதாக ஒன்றும் நடக்கவில்லை.

1996-ல் முதல் கணினி வாங்கியது இப்படியா இருந்தது? நரசிங்கபுரம் தெருப் பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு கடை. பென்டியம் 100, 8 எம்பி ராம், 850 எம்பி ஹார்ட் டிஸ்க், 14 அங்குல மானிட்டர். கடைக்காரர் ஒவ்வொரு பாகத்தையும் உறையிலிருந்து எடுத்து என் கண் முன்னாலேயே பொருத்தினார். டாக்சிக்குக் கையில் காசில்லை. கிடைத்தது மீன்பாடி வண்டி. வால்டாக்ஸ் ரோடு, மின்ட், டி.எச். ரோடு என்று வழி நெடுக மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது என் உயிர் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். எதிர்வீட்டு மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

வயதாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வயதுதான் காரணம் என்றால் எல்லாவற்றிலும் சலிப்பு வர வேண்டும். தடைக்காலம் முடிந்து ஜூன் மாதம் முதல் படகுகள் காசிமேட்டுக்குத் திரும்பும் வாரத்தில், விடியற்காலை ஏலத்துக்கு நான் இன்றும் ஓட்டமும் நடையுமாகத்தான் போகிறேன். கணினியில் மட்டும் ஏன் இப்படி?

#2 ராயபுரம்_ஸ்டேஷன்

அண்ணா, காரணம் சிலிக்கானில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் பாருங்கள்.

இன்டெலின் முதல் பென்டியம் சிப் 1993-ல் வந்தபோது அதன் துடிப்பு வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். மூன்று வருடம் கழித்து நீங்கள் வாங்கியது 100. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1,000-ஐத் தொட்டன. 2004 இறுதியில் பென்டியம் 4 வந்து நின்ற இடம் 3,800. பதினோரு ஆண்டில் 57 மடங்கு! அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 4,000 மெகாஹெர்ட்ஸ், சிப் கொண்டுவரும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் பிறகு இருபது ஆண்டு ஓடி, 2024-ல் வந்த ஐ9-14900கேஎஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடும் உச்சம் 6,200. இரண்டு மடங்குகூடத் தேறவில்லை.

ஏன் நின்றது? ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-ல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்கு வேண்டிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். ஆகவே அதே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரை அடைத்தாலும் சூடு கூடாது. முப்பது ஆண்டுகள் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது அந்தக் கணக்குதான். டிரான்சிஸ்டர் மிகமிகச் சிறிதானதும் அணைத்து வைத்த நிலையிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்கு மேல் குறைக்க வழியில்லை. வேகத்தைக் கூட்டினால் சிப் கொதித்தது. அதனால் வேகத்தை விட்டுவிட்டுக் ஒரே சிப்புக்குள் கோர்களின் (கணக்குப் போடும் பகுதிகளின்) எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று மூன்று வருடப் பழைய கணினியில் புது மென்பொருள் ஓடவே ஓடாது. இன்று எட்டு வருடப் பழையதிலும் ஓடுகிறது, கொஞ்சம் முனகிக்கொண்டு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதபோது துள்ளல் எங்கிருந்து வரும்?

#3 கேட்டில் காத்திருப்பவன், கொருக்குப்பேட்டை

மெகாஹெர்ட்ஸை வைத்து வேகத்தை அளக்கும் பழக்கம் இன்னும் போகவில்லையா தம்பி? கடைசி பென்டியம் 4-களில் ஒரு கட்டளை 31 படிகளைத் தாண்டி வர வேண்டும். எண்ணைப் பெரிதாகக் காட்டுவதற்காகவே அப்படி வடிவமைத்தார்களோ என்று தோன்றும். 2006-ல் வந்த கோர் 2 டுவோ மூன்று கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாமல் அதை ஓரங்கட்டியது. 2020 நவம்பரில் ஆப்பிளின் எம்1 சிப் வந்தபோது, காற்றாடியே இல்லாத மடிக்கணினி ஒன்று, மேசைக் கணினிகள் செய்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தது. வேகம் நிற்கவில்லை. நாம் கொடுக்கும் வேலைதான் நின்றுவிட்டது.

காலடிப்பேட்டையாரின் பென்டியம் 100-ல் பர்மா பஜாரில் வாங்கிய விசிடியைப் போட்டால் படம் தத்தித் தத்தித்தான் ஓடியிருக்கும். வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். பென்டியம் 2-ல் அதே வட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. அதற்கு முந்திய 486-ல் எம்பி3 பாட்டைப் போட்டால் வேறு எதையும் தொட முடியாது. புதுக் கணினி வந்தால் நேற்று முடியாத ஒரு காரியம் இன்று முடிந்தது. இன்றைய கணினியில் அப்படி முடியாமல் நிற்கும் காரியம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். மின்கட்டணம் கட்டுவதற்கு எட்டுக் கோர் எதற்கு?

எனக்குக் கடைசியாக மனம் துள்ளியது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்ட அன்று. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், தாறுமாறாக இறைந்து கிடக்கும் கோப்புகளைத் தேடும்போது நொடிக்கு நூறு இடத்தைத் தொட்டால் பெரிய விஷயம். எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தொடும். பழைய மடிக்கணினியில் அதைப் பொருத்திச் சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போல் டீ போட எழுந்தேன். சமையலறைக்குப் போவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. அதன் பிறகு வாங்கிய எதுவும் என்னை அப்படித் திகைக்க வைக்கவில்லை.

#4 அச்சுக்கூடத்து அக்கா

தம்பிகள் துள்ளியதையெல்லாம் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

ஆண்டர்சன் தெருக் கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு டிடிபி, அதாவது கணினியில் பக்க வடிவமைப்பு, செய்து கொடுக்கிறேன். பேஜ்மேக்கர் மென்பொருளில் ஆரம்பித்த தொழில். ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஓட்டுவோம். ஆவணி, தை பிறந்தால் மூச்சு விட நேரமிருக்காது. பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, பாரிமுனையில் வேலை. முகூர்த்த நாள் நெருங்கினால் கடைசி பஸ்ஸைப் பிடித்துத்தான் திரும்புவேன்.

எங்கள் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கணினியின் பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் அதைச் செருகி, அதற்கு மேல் பிரிண்டர் கேபிளைச் செருக வேண்டும். அது இருந்தால்தான் எழுத்து வரும். துடைக்கிறேன் பேர்வழி என்று யாராவது மேசையை நகர்த்தி அது கொஞ்சம் ஆடிவிட்டால் போச்சு, "முகூர்த்தம்" என்று அடித்தது வெறும் குறிகளும் கோடுகளுமாகத் திரையில் நிற்கும். புதுக் கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடும் பேஜ்மேக்கருக்குத் தெரியாது. இருபது வருடமாகச் சேர்த்து வைத்த பத்திரிகை மாதிரிகள், குலதெய்வப் பெயர்கள், "தங்கள் நல்வரவை நாடும்" வரைக்கும் எல்லாம் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. ஆகவே முதலாளி "புதுசு வாங்கலாமா" என்று கேட்டால் நான் "இது நன்றாகத்தானே ஓடுகிறது" என்பேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பெட்டி ஒன்று இன்னும் மூலையில் உயிரோடு இருக்கிறது. இணையத்தைக் காட்டுவதில்லை. பத்திரிகை மட்டும் போடும்.

நானும் துள்ளியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பெட்டிக்காக இல்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழை இயக்கிவிட்டு, கூகுளில் "திருவொற்றியூர்" என்று தமிழிலேயே தட்டினேன். தமிழிலேயே பதில் வந்தது. அதுவரைக்கும் ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க எழுத்துருவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அன்று சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. தெரிந்த ஊர்ப்பெயர், கோயில் பெயர் எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணினியோ, முதலாளி எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்தது!

#5 ராயபுரம்_ஸ்டேஷன்

அக்கா, அந்தப் பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கை முழுதாகப் படி எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஆவணியில் அது படுத்தால் முதலாளியும் படுத்துவிடுவார்.

#6 அச்சுக்கூடத்து அக்கா

இரண்டு படி இருக்கிறது தம்பி. ஒன்று கடையில், ஒன்று என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால்.

#7 எண்ணூர் சர்வீஸ்

நான் பழுது பார்க்கிறவன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

எண்ணூரில் கணினிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடல் காற்று, இன்னொன்று அனல்மின் நிலையச் சாம்பல். இரண்டும் சேர்ந்து, சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் படிந்து கெட்டியாகிவிடும். ஊதினால் போகாது. பல் துலக்கும் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். ராமின் செம்பு முனைகளில் பச்சை பூக்கும். "திரையே வரவில்லை, நீளமாகக் கத்துகிறது" என்று யார் வந்தாலும் முதலில் ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்த முனைகளை ஒரே திசையில் நாலு தேய் தேய்த்து, ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, "டக்" என்று இரண்டு பக்கக் கொக்கியும் விழும்வரை அழுத்திச் செருகுவேன். சுவிட்சைப் போட்டால் சின்னதாக ஒரே ஒரு பீப். அந்த ஒரு சத்தத்துக்கு வாடிக்கையாளர் முகத்தில் வரும் வெளிச்சம் இருக்கிறதே! சும்மாவே செய்து கொடுத்துவிடலாம் என்று தோன்றும். (கொடுத்ததில்லை.)

2000-க்குப் பின் சில வருடம் மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர் தலை வீங்கி வெடிக்கும் வியாதி உலகம் முழுக்க வந்தது. அதையும் ரிச்சி தெருவில் சில்லறையாக வாங்கி வந்து, சால்டர் வைத்து மாற்றி ஓடவிட்டோம். கணினியின் சொந்தக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை அவரே திறப்பார். ராம் கூட்டுவார், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் போடுவார். கையில் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்து "இது என் போர்டில் ஏறுமா" என்று கேட்பார்.

இப்போது வருகிற மெல்லிய மடிக்கணினிகளில் பலவற்றில் ராமை போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்துவிடுகிறார்கள். வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசிவரைக்கும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். போன மழையில் ஒரு பையன் கொண்டு வந்தான். கெட்டது ஒரே ஒரு ராம் சிப். கம்பெனி சேவை மையத்தில் முழு போர்டையும் மாற்றச் சொல்லி, புதியது வாங்கும் விலையில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். திறந்து பார்க்க முடியாத சாமான் மேல் யாருக்கு ஆசை வரும்? மிக்சி வாங்கினால் துள்ளுகிறோமா?

#8 பெரம்பூர் ஓய்வூதியர்

எல்லோரும் துள்ளினார்கள் என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குக் கணினி பயமாகத்தான் வந்தது.

1983-ல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் இயந்திரமயம் பற்றி ஒப்பந்தம் ஆயிற்று. 1984-ல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு கிளைகளுக்கு ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் இயந்திரம் வந்தது. எத்தனை இயந்திரம், எந்தக் கிளைக்கு, யார் வேலை போகும் என்று வாயிற்கூட்டம் போட்டோம். இயந்திரம் இருந்த அறைக்குக் குளிர்சாதனம் வைத்தார்கள். மனிதர்கள் இருந்த அறைக்கு ஃபேன். அதற்காகவே அதன்மேல் எனக்குக் கோபம். ஆனால் அரையாண்டு வட்டிக் கணக்கு இருக்கிறதே, அதற்கு நாங்கள் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து, கூட்டல் ஒத்துப்போகாமல் ஐந்து பைசாவைத் தேடியதுண்டு. இயந்திரம் வந்த பிறகு அந்த வேலை மாலைக்குள் முடிந்தது. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் விழித்திருக்கும்போதே சாப்பிட்டேன். துள்ளவில்லை. நிம்மதியாக இருந்தது.

தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் லாரி சத்தம் கேட்டால் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவே ஓடும். வீட்டுக்குள் குழாய் வந்தபின் யாரும் குழாயைத் திறக்கும்போது ஓடுவதில்லை. காலடிப்பேட்டையார் லாரியை நினைத்து ஏங்குகிறார் என்று எனக்குப் படுகிறது.

#9 வியாசை 2004

எங்கள் தெருவில் இன்னும் லாரிதான் வருகிறது ஐயா. ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கணினியிலும் அப்படித்தான். நீங்கள் எல்லோரும் "அந்தக் காலத்தில்" என்று பேசுவதைப் படித்தால், துள்ளல் என்பதே உங்களோடு முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி, அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டம். விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. அக்கா தூங்கியபின் எனக்கு. பேட்டரி செத்துப்போய், செருகியே வைத்திருந்தால்தான் ஓடும் என்ற நிலைக்கு வந்தது. மின்சாரம் போனால் எழுதியது போச்சு. அதில்தான் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டேன்.

இந்த வருடம் என் சொந்தக் காசில் ஒன்று சேர்த்தேன். டியூஷன் எடுத்த பணம். அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்று, அதற்குள் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் அட்டை, 12 ஜிபி. அட்டை கேபினட்டுக்குள் ஏறவில்லை. ஹார்ட் டிஸ்க் வைக்கும் தகரக் கூண்டை ரம்பத்தால் அறுத்து இடம் செய்தேன். பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியிருந்தது. முதல் முறை திரை வந்தபோது இரவு ஒரு மணி. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். திட்டு விழுந்தது.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியை ஓபன்ஏஐ 2022-ல் இலவசமாக வெளியிட்டது. அதை இந்த அட்டையில் இணையமே இல்லாமல் ஓடவிட்டு, பாட்டியைப் பேச வைத்தேன். பாட்டி மார்க்கெட்டில் மீன் விற்றவர். அவர் சொன்ன மீன் பெயர்களில் பாதியை அது தப்பாக எழுதியது. "படிச்ச மெஷினு, வவ்வாலுக்கும் வாளைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே" என்று பாட்டி பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிறதா பார்க்கலாம்" என்று உட்கார்ந்தார். இந்தப் பெயர்களை அதற்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய மடிக்கணினியில் இதே வேலைக்கு இரண்டு நிமிடப் பேச்சைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய் வரலாம். கேட்டில் காத்திருக்கும் அண்ணன் "முடியாமல் நிற்கும் காரியம் என்ன இருக்கிறது" என்று கேட்டார். இதோ ஒன்று.

#10 நெறியாளர்

பழைய சிஆர்டி மானிட்டர் விற்பனைப் பதிவு ஒன்று நீக்கப்பட்டது. விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இழை போகட்டும்.

#11 கேட்டில் காத்திருப்பவன், கொருக்குப்பேட்டை

வியாசைத் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது மின்கட்டணம் கட்டுகிறவர்களை வைத்து. உன் கணக்கு வேறு.

ஆனால் ஒன்று. உன்னைப் போலத் தேடி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பலர் இப்போது வாங்குவது கட்டாயத்தால். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஒரே நாளில் வயசாளி ஆகிவிட்டன. 1995-ல் புது விண்டோஸ் வந்தபோது அதற்காகவே கணினி வாங்கினார்கள். இன்று புது விண்டோஸ் வருகிறதே என்று சலித்துக்கொண்டே வாங்குகிறார்கள். ரேஷன் அட்டை புதுப்பிக்கப் போகிற முகத்தோடு கடைக்குப் போனால் துள்ளல் எப்படி வரும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. பெட்டி வீட்டுக்கு வருமுன்பே அதை யூடியூபில் நாலு பேர் பிரித்துக் காட்டிவிடுகிறார்கள். கீல் எத்தனை பாகை திரும்பும், விசைப்பலகைச் சத்தம் எப்படி, எல்லாம் பார்த்தாயிற்று. பிரிப்பதற்கு அட்டையைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

#12 டீச்சர், கொடுங்கையூர்

குறுக்கிடுகிறேன். பள்ளிக் கணினி அறையில் நான் தினமும் பார்ப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் செய்வது மானிட்டரில் விரலை வைத்துத் தேய்ப்பது. நகரவில்லை என்றதும் "மிஸ், இது ரிப்பேர்" என்கிறார்கள். கைப்பேசியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கணினி ஒரு பழைய சாமான். பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

அவர்கள் குதித்தது எதற்குத் தெரியுமா? பிரிண்டருக்கு. அவரவர் பெயரைத் தமிழில் பெரிதாக அடித்துப் பிரிண்ட் கொடுக்கச் சொன்னேன். தாள் சூடாக வெளியே வந்ததும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. ஒரு பெண் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். டோனர் தீர்ந்ததுதான் மிச்சம், தலைமையாசிரியரிடம் இனி நான்தான் பதில் சொல்ல வேண்டும். எனவே பிள்ளைகளுக்கு ஆச்சரியமே போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நாம் எதிர்பார்க்கிற இடத்தில் அது இல்லை.

#13 காலடிப்பேட்டையார்

எல்லாவற்றையும் படித்தேன். பெரம்பூர் ஐயா சொன்ன லாரிக் கணக்கை மட்டும் நான் ஏற்கவில்லை. பஞ்சம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

எண்ணூர்க்காரர் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. 1996-ல் கடையில் நின்று நான் ஒவ்வொன்றையும் முடிவு செய்தேன். ராம் 8 போதுமா, 16 வேண்டுமா? 16 என்றால் மானிட்டர் கறுப்பு வெள்ளைக்கு இறங்க வேண்டும். சவுண்டு கார்டு இப்போதா, அடுத்த போனஸுக்கா? ஒவ்வொன்றிலும் எதையோ விட்டுத்தான் எதையோ எடுத்தேன். அடுத்த தீபாவளிக்குச் சவுண்டு கார்டும் சிடி டிரைவும் வந்தன. அப்போது அதே கணினி மறுபடி புதிதாயிற்று. போன மாதம் நான் செய்த முடிவு என்ன? வெள்ளியா, சாம்பலா. அவ்வளவுதான்.

வியாசைத் தம்பி தகரத்தை ரம்பத்தால் அறுத்தார் பாருங்கள், அவருக்கு அம்மாவை எழுப்பத் தோன்றியதில் எனக்கு வியப்பே இல்லை. வேகம் கூடியதா குறைந்ததா என்ற ராயபுரத்தாரின் கணக்கு சரியாகவே இருக்கட்டும். ஆனால் அவர் சொன்ன அந்த 57 மடங்கு வருடங்களிலும், எல்லாம் பொருத்தி வந்த கம்பெனிக் கணினியை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் போகக்கூட எனக்குத் தோன்றியதில்லை.

#14 ராயபுரம்_ஸ்டேஷன்

அலுவலகக் கணினியை யார்தான் விரும்பினார்கள் அண்ணா, அதில் வேலை அல்லவா இருந்தது!

வேகமும் தேர்வும் இரண்டுமே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு இன்றைக்கும் இருக்கிறது; மேசைக் கணினி சேர்த்தால் ஒவ்வொரு பாகமும் உங்கள் இஷ்டம். மடிக்கணினி வாங்கிவிட்டு ரிச்சி தெருவைத் தேடினால் எப்படி? ஒரே சிக்கல், இது அதற்கு நல்ல நேரமில்லை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ராம் விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 8 போதுமா 16 வேண்டுமா என்ற உங்கள் பழைய கேள்வியை இன்று கடையில் மறுபடி கேட்கிறார்கள்.

#15 அச்சுக்கூடத்து அக்கா

அப்படியானால் புதுசு வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

#16 வியாசை 2004

எண்ணூர் அண்ணனுக்கு ஒரு கேள்வி. கழித்துவிட்ட அலுவலகக் கணினி என்று சொன்னேன் இல்லையா, அதில் இரண்டு ராம் பள்ளம் காலியாக இருக்கிறது. பழைய டிடிஆர்4 ராம் வாங்கலாமா? சில நாள்களாக விஸ்பர் ஓடும்போது திடீரென்று அணைந்தும் விடுகிறது.

#17 எண்ணூர் சர்வீஸ்

பழையது தாராளமாக வாங்கலாம். கடையிலேயே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடு. ஏற்கெனவே உள்ளது எந்த வேகமோ அதே வேகத்தில் எடு.

அணைவதற்கு ராம் காரணமாக இருக்காது. பவர் சப்ளை எத்தனை வாட், அட்டைக்குப் போகும் எட்டு முனைக் கம்பி நேராகப் போகிறதா அல்லது இடையில் மாற்றி (அடாப்டர்) ஏதாவது போட்டிருக்கிறாயா, படம் எடுத்துப் போடு. அறுத்த தகரத்தின் துணுக்கு ஏதாவது போர்டின் அடியில் கிடக்கிறதா என்றும் பார். கணினியைப் படுக்க வைத்துப் பார்க்காதே, நிமிர்த்தித் தட்டு.

#18 வியாசை 2004

450 வாட். இடையில் மாற்றி போட்டிருக்கிறேன், இரண்டு ஆறு முனையைச் சேர்த்து எட்டாக்கும் வகை. இன்று இரவு படம் போடுகிறேன்.

#19 எண்ணூர் சர்வீஸ்

படம் வேண்டாம். அந்த மாற்றியைக் கழற்றிவிட்டுச் சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கணினியோடு வா. கத்திவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கேட்டால் கடையைக் காட்டுவார்கள்.